நடுநாட்டுப் பெருவழி – 11: சேந்தமங்கலத்துச் சிறையும் கல்வராயன் ஜாகிரும்

சென்ற இதழைத் தேவனாம்பட்டினத்தில் நிறுத்தியிருந்தோம். மராத்தியரிடமிருந்து 1690இல் விலைக்கு வாங்கிய கோட்டைக்கு ஆங்கிலேயர் புனித டேவிட் பெயரைச் சூட்டியதும், 1758 ஜூனில் அதைப் பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் பறிகொடுத்ததும் வரை சொல்லியாயிற்று. இப்போது அந்தக் கடற்கரைக்கு ‘சில்வர் பீச்’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடலூரே அங்கேதான் இருக்கும். சுண்டல், பஜ்ஜி, பலூன் எல்லாம் உண்டு. கோட்டையின் மிச்சம் எங்கே என்று கேட்டால் கைகாட்ட ஆள் கிடைப்பது அரிது. அதை ஒட்டி ஓடிக் கடலில் கலக்கும் கெடிலத்தையோ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த இதழில் நாம் அந்தக் கெடிலத்தை எதிர்த்து மேற்கே போகிறோம்.

கெடிலம் சின்ன ஆறு. மழை பெய்தால் ஓடும், மற்ற நாளில் மணல்தான். ஆனால் திருவந்திபுரம், திருவதிகை, சேந்தமங்கலம் என்று அதன் கரையில் அடுத்தடுத்து நிற்கும் ஊர்களின் கனத்தைப் பார்த்தால், ஆற்றைப் பார்த்து யாரும் அங்கே ஊர் கட்டவில்லை என்பது புரியும். கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போகிற வழி அது. மேற்கே போகப் போக, வடக்கில் கல்வராயன் மலையும் தெற்கில் பச்சைமலையும் நெருங்கி வருகின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலத்துக்கு ஓர் இடைவெளி. இன்றைய உளுந்தூர்ப்பேட்டை – சேலம் நெடுஞ்சாலையும், விருத்தாசலம் – சேலம் ரயில் பாதையும் அந்த இடைவெளிக்குள்தான் நுழைகின்றன. அதற்கு முன்பு படைகள் நுழைந்தன, அவற்றுக்கும் முன்பு வணிகப் பொதிமாடுகள். சின்னசேலத்துக்கு அப்பால், சேலம் மாவட்ட எல்லைக்குள் இருக்கும் ஆறகளூரில் ஒரு மைல்கல் கிடைத்திருக்கிறது. வாணகோவரையர்கள் மகதை மண்டலத்தை ஆண்ட காலத்தது. ‘மகதேசன் பெருவழி’ என்று சாலைக்குப் பெயர் சொல்லி, காஞ்சிபுரத்துக்கு 27 காதம் என்று தூரமும் சொல்கிறது.

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குக் கள்ளக்குறிச்சி என்றால் சேலம் போகும்போது டீ குடிக்க நிறுத்துகிற ஊர். 2019 நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகும் அந்த எண்ணம் பெரிதாக மாறிவிடவில்லை. அதில் குறைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை என்பது என் கட்சி. இந்த மாவட்டத்தில் பார்க்கத் தகுந்த பழைய இடங்கள் பெரும்பாலும், வழியில் கிடந்த காரணத்தாலேயே உண்டானவை; வழியில் கிடந்த காரணத்தாலேயே அடிபட்டவை. கல்வராயன் மலை மட்டும் விலக்கு. அந்த மலை வழியை ஒட்டி நின்றும் வழியில் சேரவில்லை. அதன் விளைவை 1976 வரை மலைக்காரர்கள் அனுபவித்தார்கள். அந்தக் கதைக்குக் கடைசியில் வருவோம்.

முதலில் திருநாவலூர். சுந்தரர் பிறந்த ஊர் என்ற ஒன்றே பக்தர்களுக்குப் போதும். வரலாறு தேடி வருகிறவர் கவனிக்க வேண்டியவன் இன்னொருவன்: முதல் பராந்தக சோழனின் மூத்த மகன் இராசாதித்தன். வடக்கே இராட்டிரகூடர் எந்த நேரமும் இறங்கலாம் என்ற அச்சத்தில், பட்டத்து இளவரசனையே பெரும்படையோடு இந்தத் திருமுனைப்பாடி நாட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் பராந்தகர். வருடக்கணக்கில் படை இங்கே தங்கியது. சுந்தரரின் திருத்தொண்டீச்சரம் கற்றளியானது இராசாதித்தன் காலத்தில். 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூடரோடு நடந்த போரில் யானை மேல் இருந்தபடியே அவன் மாண்டான். ஊருக்கு இராசாதித்தபுரம் என்ற பெயர் மட்டும் கல்வெட்டில் தங்கிவிட்டது.

அங்கிருந்து சேந்தமங்கலம் பக்கம். இந்த இடத்தில் வாசகரை நான் அவசரப்படுத்தப் போவதில்லை.

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், கெடிலக் கரையில், வயல்களுக்கு நடுவே ஒரு சிவன் கோயில். ஆபத்சகாயேசுவரர் என்பது சுவாமியின் பெயர். மதில் கோயில் மதில்போல் இல்லை, கோட்டை மதில்போல் இருக்கிறது. உள்ளே தட்டினால் ஓசை எழுப்பும் கல் குதிரைகள் இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லாரும் அவற்றைத்தான் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தட்டட்டும். ஆனால் சோழப் பேரரசு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அதன் அரசர் ஒருவர் சிறையில் கிடந்த ஊர் இது என்பதைச் சொல்ல அங்கே ஒரு பலகைகூடத் தேவையில்லையா?

அந்த அரசர் மூன்றாம் இராசராசன். 1216இல் பட்டத்துக்கு வந்தவர். அவர் பெயருக்கு முன்னால் உள்ள ‘மூன்றாம்’தான் அவருடைய துரதிர்ஷ்டம்; முதல் இராசராசனோடு ஒப்பிட்டே எல்லாரும் அவரை அளக்கிறார்கள். அவர் கைக்கு வந்தபோதே அரசு நொறுங்கிக்கொண்டிருந்தது. தெற்கே மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்துவிட்டான். நடுநாட்டில் சோழருக்கு அடங்கியிருந்த குறுநில மன்னர்கள் அவரவர் கணக்கை அவரவர் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களில் முந்திக்கொண்டவர்கள் காடவர்கள். கூடலூரைச் சேர்ந்த இந்தக் குடும்பம் தன்னைப் பல்லவ வழியென்று சொல்லிக்கொண்டது. சோழரிடம் பல தலைமுறை வேலை செய்து, சோழர் வீட்டு மூலைமுடுக்கெல்லாம் தெரிந்துகொண்ட குடும்பம்.

1231 வாக்கில் காடவர் கோப்பெருஞ்சிங்கன், தெள்ளாற்றில் சோழப் படையை முறியடித்து அரசரைப் பிடித்தான். பிடித்தவரைச் சேந்தமங்கலத்தில் அடைத்தான். கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரில் தந்தை, மகன் என இருவர் இருந்ததால், பிடித்தது எவர் என்று அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. நமக்கு அது இங்கே முக்கியமில்லை. கங்கை வரை படை அனுப்பியவர்களின் வாரிசு, தன்னிடம் கைகட்டி நின்றவர்களின் ஊரில் கைதியாக இருந்தார் என்பதுதான் செய்தி.

அதற்குப் பிறகு நடந்ததைத் திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் கொடைக் கணக்கும் நில எல்லையும்தான் அதிகம். போர்முனைச் செய்தியை இவ்வளவு விரிவாகச் சொல்லும் கல்வெட்டு அபூர்வம். போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்தில் இருக்கிறான். சோழர் சிறைப்பட்ட செய்தியும், கோப்பெருஞ்சிங்கனின் படை கோயில்களை அழிக்கிற செய்தியும் வருகிறது. சோழ மண்டலத்தை நிலைநிறுத்தியவன் என்று தனக்கு ஒரு விருது இருக்க, இதைப் பொறுப்பதா என்று கேட்டு, அந்த விருதை மெய்ப்பிக்காமல் எக்காளம் ஊத விடமாட்டேன் என்று சூளுரைக்கிறான். புறப்பட்டு வருகிற வழியில் மகதை அரசை வேரோடு பறிக்கிறான். மகதை என்பது நம் ஆறகளூர், ஆத்தூர்ப் பக்கம். மலைகளுக்கு இடையிலான அந்த இடைவெளியைக் கையில் வைத்திருந்த அரசு. மேற்கிலிருந்து வருகிறவன் சேந்தமங்கலத்தைத் தொடுவதற்கு முன் அந்தக் கதவைத் திறந்தாக வேண்டும்.

பிறகு நரசிம்மன் பாச்சூரில் தங்கிக்கொண்டு, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரண்டு தண்டநாயகர்களை அனுப்பினான். அவர்கள் சேந்தமங்கலத்துக்கு நேராக வரவில்லை. கோப்பெருஞ்சிங்கனுக்கு ஆதரவான ஊர்களை ஒவ்வொன்றாக எரித்தார்கள், பயிரை அழித்தார்கள், பெண்களைப் பிடித்தார்கள், கொள்ளையிட்டார்கள். நடுவில் தில்லைக்குப் போய்ப் பொன்னம்பலவனைக் கும்பிட்டுவிட்டு வந்து, மறுபடி எரித்தார்கள். கல்வெட்டு இதையெல்லாம் மறைக்காமல், வெற்றிக் கணக்காகவே அடுக்குகிறது. சுற்றியிருந்த ஊரெல்லாம் சாம்பலான பிறகு, சேந்தமங்கலத்தை முற்றுகையிடப் போகிறார்கள் என்ற நிலையில் கோப்பெருஞ்சிங்கன் இறங்கிவந்தான். சோழரை விடுவிக்கிறேன் என்று போசளனுக்குச் சொல்லி அனுப்பினான். தண்டநாயகர்கள் அரசரை அழைத்துக்கொண்டு போய் அவருடைய நாட்டில் விட்டார்கள்.

அரசர் தப்பினார், போசளன் விருதைக் காப்பாற்றிக்கொண்டான். கோப்பெருஞ்சிங்கனுக்கும் பெரிய சேதமில்லை. 1243 முதல் 1279 வரை இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன் எவருக்கும் அடங்காத பேரரசனாகக் கல்வெட்டு வெட்டிக்கொண்டான். தில்லைக் கிழக்குக் கோபுரத்தோடு அவன் பெயர் சேர்ந்திருக்கிறது. வடக்கே ஆந்திரத்துத் திராட்சாராமம், திரிபுராந்தகம் வரை அவன் கல்வெட்டுகள் போகின்றன. முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் ஒருமுறை சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, யானைகளையும் கருவூலத்தையும் எடுத்துக்கொண்டு, நாட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தான். நொந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். பயிர் அழிந்த ஊர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, அந்தப் பயிரை வைத்தவர்களின் பெயர் இல்லை.

பக்கத்தில்தான் கூவாகம். சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு இந்தியா முழுவதிலிருந்தும் திருநங்கையர் வருகிறார்கள். பாரதக் கதையின் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து அழுகிற சடங்கு. ஊடகங்கள் விழுப்புரத்தில் நடக்கிற அழகிப் போட்டியைத்தான் அதிகம் காட்டும். களப்பலியான ஒருவனுக்காக, போரில் எந்தப் பக்கமும் இல்லாதவர்கள் அழுகிறார்கள். படைகள் மாறி மாறி வந்த இந்த வழியோரத்தில் அந்தச் சடங்கு வேர்பிடித்தது எனக்கு வியப்பாக இல்லை.

வடக்கே விலகினால் திருக்கோவலூர். அதற்குத் தனி இதழே வேண்டும். இப்போதைக்குச் சில வரிகள். கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரியின் ஊர். மூவேந்தரும் ‘எங்கள் பக்கம் வா’ என்று இவனுக்குப் பொருள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள் என்று சங்கப் பாட்டுகளிலிருந்து தெரிகிறது. பெண்ணையாற்று வழியைக் கையில் வைத்திருந்தவனுக்கு அந்த விலை உண்டு. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி இந்த ஊர் மேல் படையெடுத்தான் என்பதும் பாட்டுச் செய்தி. வெறும் பாட்டுத்தானே என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு 1981இல் ஒரு விடை கிடைத்தது. திருக்கோவலூருக்கு மேற்கே, மணலூர்ப்பேட்டைப் பக்கம் ஜம்பை என்ற ஊரில், குகையில் ஒரு தமிழ்–பிராமிக் கல்வெட்டு. அதியன் நெடுமான் அஞ்சி என்று பெயரையே சொல்லி, அவன் தானமாகக் கொடுத்த இடம் என்று அறிவிக்கிறது. கூடவே அசோகரின் கல்வெட்டில் சோழ, பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்படும் சதியபுத்திரர் யார் என்று நூறாண்டு நடந்த விவாதத்துக்கும் அந்த ஒரே வரி முடிவு கட்டியது. அதியனைத்தான் அது சதியபுதன் என்கிறது. தகடூர்க்காரன் பெயர் திருக்கோவலூர் வாசலில் கிடைத்திருக்கிறது என்றால், அவன் வந்த வழியும் நம் வழிதான்.

பாரி மகளிருக்கு மணம் பேசி முடித்த கபிலர் தீப்பாய்ந்தார் என்று இராசராச சோழன் காலக் கல்வெட்டு ஒன்று இங்கே வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கிறது. பெண்ணையாற்று நடுவே கபிலர் குன்று என்று ஒரு பாறையையும் காட்டுகிறார்கள். முதல் ஆழ்வார்கள் மூவர் மழைக்கு ஒதுங்கி ஒன்றாய் நெருக்கி நின்ற இடைகழியும் இந்த ஊரில்தான். 1896இல் மதுரையிலிருந்து கிளம்பிவந்த பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன், கையில் காசில்லாமல் இங்கே கீழூரில் கடுக்கனை அடகு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயில் ஏறினான்; உலகம் பின்னால் அவனை ரமணர் என்றது. மணலூர்ப்பேட்டையைத் தாண்டினால் ஆதி திருவரங்கம். பள்ளிகொண்ட பெருமாளின் நீளத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் செங்கல்லால் கட்டிய பழைய நெற்களஞ்சியத்தையும் பார்க்காமல் வராதீர்கள்.

மறுபடியும் நெடுஞ்சாலை. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி போகிறவர் கண்ணில் தியாகதுருகத்தின் மலை தவறாமல் படும். பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, ஏறியவர்கள் சிலர்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில, பிரெஞ்சுக் குறிப்புகளில் ‘தியாகர்’ என்று இந்தக் கோட்டை திரும்பத் திரும்ப வருகிறது. இதைப் பிடித்தவனிடம் புதுச்சேரி – ஆத்தூர் வழி இருந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் தோற்ற லாலி, புதுச்சேரியைக் காப்பாற்றத் துணை தேடி மைசூர் ஐதர் அலியோடு ஒப்பந்தம் போட்டான். ஐதருக்கு அவன் கொடுத்த விலைகளில் தியாகதுருகமும் எலவானாசூரும் உண்டு. மைசூர்ப் படை இறங்கிவந்து, திருவதிகையருகே ஓர் ஆங்கிலப் படைப்பிரிவை நசுக்கியது. ஆனால் அதே சமயம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஐதருக்கு எதிராகவே சதி கிளம்பியதால் படை ஊர் திரும்பிவிட்டது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. பிப்ரவரியில், மேஜர் பிரெஸ்டன் இரண்டு மாதத்துக்கு மேல் சுற்றி வளைத்துக் கிடந்த பிறகு தியாகதுருகமும் பணிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இந்தியாவை இழந்த கதையைச் சொல்கிறவர்கள் புதுச்சேரியோடு நிறுத்திவிடுகிறார்கள். செஞ்சியும் தியாகதுருகமும் அதற்குப் பிறகும் பிரெஞ்சுக் கொடியோடு நின்றன.

1790இல் திப்பு வந்தார். திருச்சிப் பக்கம் சூறையாடிவிட்டு வடக்கே ஏறியவர் தியாகதுருகத்தைத் தாக்கினார். கோட்டைக்குள் இருந்தவர் காப்டன் ஃபிளின்ட். பத்தாண்டுக்கு முன் வந்தவாசியில் ஐதரின் படையைச் சின்னஞ்சிறு காவற்படையோடு மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தியவர். சுற்று வட்டார மக்கள் ஆடுமாடுகளோடு மலையடிவாரத்தில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். திப்பு இரண்டு முறை முயன்று, முடியாமல் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். கோட்டைச் சுவரின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். ஏறுவதென்றால் வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும். மேலே போய் நின்றால் கிழக்கே சமவெளி, மேற்கே கல்வராயன் மலைத்தொடர். கோட்டையை ஏன் இங்கே வைத்தான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சியைக் கடக்கும்போது ஒரு சொல்: இந்தப் பகுதியின் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரே மரத்தில் குடைந்தெடுத்த தெய்வ உருவங்கள் சென்னைக் கடைகளில் என்ன விலைக்குப் போகின்றன என்பதையும், செதுக்கியவர் பட்டறையில் என்ன விலை என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பெருவழியில் யாருக்கு லாபம் என்ற பழைய கேள்வி புதிதாக வரும்.

ஊரிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேற்கே போனால் கோமுகி அணை. 1965இல் கட்டி முடித்தது, 46 அடி. கல்படை, பொட்டியம், மாயம்பாடி ஓடைகள் மலையிலிருந்து கொண்டுவருகிற தண்ணீர் இதில் நிற்கிறது. சூளாங்குறிச்சியில் மணிமுக்தா அணை 36 அடி. அணைப் பூங்காவில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: கோமுகியும் மணிமுக்தாவும் சேர்ந்து, விருத்தாசலம் பழமலைநாதரைத் தொட்டுக்கொண்டு, வெள்ளாற்றில் விழுந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கின்றன. 1781 ஜூலை 1இல் ஐதரும் கூட்டும் மோதியது அங்கே. 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புத் தாதுவை அதே பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய் உருக்காலை நடத்தினார். உலைக்கு எரிபொருள் மரக்கரி. ஆலை மூடுவதற்குள் தென்னார்க்காட்டில் எத்தனை காடு கரியானது என்பதற்கு யாரும் கல்வெட்டு வெட்டவில்லை.

இனி மலை.

கல்வராயன் மலை 2000 முதல் 3000 அடி உயரத்தில், சுமார் 1095 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதி. கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டத்தில், வெள்ளிமலைப் பக்கம் கள்ளக்குறிச்சியில். கொடைக்கானலைப்போல் வெள்ளைக்காரன் பங்களா கட்டாத மலை. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டு ஆட்கள் இரவு தங்கமாட்டார்கள் என்று அன்றைய மாவட்ட ஆவணங்கள் எழுதுகின்றன. அங்கே வாழ்கிறவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடிகள். தமிழ் பேசுகிறவர்கள், கேரளத்தோடு தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் பூர்வகதை. பெரியண்ணன் எந்த மலைக்குப் போனான் என்பது மட்டும் மலைக்கு மலை மாறும். எல்லா மலைக்காரர்களுக்கும் தங்கள் மலை மூத்தவன் மலைதான்.

கதையில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஏதோ ஓர் அரசியல் கலக்கத்தில் சமவெளியை விட்டு ஓடிவந்தவர்கள் இவர்கள். பெருவழியில் படை வரும்போது சிலர் கோட்டைக்குள் ஓடினார்கள், சிலர் மலைக்கு ஓடினார்கள் என்று நான் வாசிக்கிறேன். கோட்டைக்குள் ஓடியவர்கள் படை போனதும் திரும்பி வந்தார்கள். மலையேறியவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் போட்டுக்கொண்டு, கடுக்காயும் புளியும் தேனும் எடுத்துக் கீழே விற்றுக்கொண்டு.

ஆனால் ஆண்டவன் இல்லாத மலையும் இல்லை. இங்கே மூன்று ஜாகிர்கள்: சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர். கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த உரிமை என்பது மலையில் வழங்கும் பேச்சு. விசயநகரம் போயிற்று, செஞ்சி நாயக்கர் போனார்கள், மராத்தியர், நவாபு, கம்பெனி என்று கீழே எல்லாரும் மாறிக்கொண்டே இருந்தார்கள். மலையில் ஜாகிர்தார் மாறவில்லை. கம்பெனிக்கும் அது வசதி. காய்ச்சல் பிடித்த மலையில் தாசில்தாரை அனுப்புவதற்குப் பதிலாக, ஜாகிர்தாரிடம் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு மேலே நடப்பதைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிடலாம். ஜாகிர்தார் வைத்ததே வரி. அவர் நிலத்தில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். உழுகிற நிலத்துக்குக் குடியானவனிடம் பட்டா என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

இது 1947இல் முடிந்திருக்க வேண்டும். 1948இல் சென்னை மாகாணம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. சமவெளியில் ஜமீன்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கல்வராயனில் ஜாகிர் நின்றது. 1952 முதல் எத்தனை பொதுத்தேர்தல், எத்தனை முதலமைச்சர்கள்! கோமுகி அணை கட்டி மலைத் தண்ணீரை மறித்து, கீழே கரும்புக்குப் பாய்ச்சினார்கள். அந்தத் தண்ணீர் வந்த மலையில் இன்னும் ஜாகிர்தார் ஆட்சி. அரசு ஜாகிர்களை எடுத்துக்கொண்டது 1976இல்தான். அந்த ஜனவரியில்தான் தமிழகத்தில் ஆட்சி கலைக்கப்பட்டு குடியரசுத் தலைவர் ஆட்சி வந்திருந்தது, தில்லியில் அவசரநிலை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில். சுதந்திரம் பறிபோன காலம் என்று நாடே பேசுகிற வருடத்தில் ஒரு மலைக்கு விடுதலை வந்தது. அவசரநிலைக்குப் பரிந்து பேச எனக்கு விருப்பமில்லை. அதற்கு முன்பிருந்த 28 ஆண்டுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகளுக்கு மலை ஏறக் கால் வலித்தது என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

ஜாகிர் போன பிறகும் நிலம் முழுதாகக் கைக்கு வரவில்லை. பாட்டன் உழுத நிலம் காகிதத்தில் காடாக இருந்தது. 2006 வன உரிமைச் சட்டம் வந்து, அதன்படி மனு எழுதிக்கொண்டிருப்பது ஒரு பக்கம். பிழைப்புக்காகக் கேரளத்துத் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் குடும்பத்தோடு போவது இன்னொரு பக்கம். மரவள்ளி வந்து ஓரளவு காசைக் காட்டியது. கிழங்கு சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரியில் இறங்குகிறது. சாராயக் காய்ச்சலும் உண்டு, அதை மறைப்பானேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது எல்லார் விரலும் மலையை நோக்கி நீண்டது. கொன்றது மெத்தனால். மெத்தனால் மலையில் காய்ச்சுகிற சரக்கல்ல, ஆலைகளுக்கான ரசாயனம். ஆனாலும் அந்தச் சாவுகளுக்குப் பிறகு, அதே ஆண்டில், கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, சாலை எங்கே, ஆம்புலன்ஸ் எங்கே, பள்ளி எங்கே என்று அரசைக் கேட்டது.

போகிறவர்களுக்கு: கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை வெள்ளிமலைக்கு ஏறுகிறது. சங்கராபுரம் பக்கமிருந்து மூலக்காடு, சேராப்பட்டு வழியாகவும் ஏறலாம். பெரியார் நீர்வீழ்ச்சியைச் சாலையிலிருந்தே எட்டிப் பார்த்துவிடலாம். மேகம் அருவிக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், உள்ளூர் ஆள் துணையில்லாமல் இறங்காதீர்கள். கரியாலூரில் படகுக் குழாம் இருக்கிறது. கோடைவிழா மே மாதத்தில் நடக்கிறது, ஆனால் அருவியில் தண்ணீர் இருப்பது ஐப்பசி, கார்த்திகையில். மழை நாளில் மேலே எங்கோ பெய்தது கீழே திடீரென்று வந்து சேரும், எச்சரிக்கை. தேனும் சாமையும் வாங்குவதானால் சந்தையில், விளைவித்தவர்களிடமே வாங்குங்கள். விலை பேசிக் குறைக்காதீர்கள்.

அடுத்த இதழில் மலையிறங்கி, சின்னசேலம் தாண்டி, வசிட்ட நதிக் கரையில் கெட்டி முதலிகளின் ஆத்தூர்க் கோட்டைக்குள் நுழைகிறோம்.